சுப்புவுக்குப் போட்ட இலை

கல்பாத்தி
25 நவம்பர் 1953

என் சுப்புவின் இடத்துக்கு வந்த குழந்தைக்கு,

மாப்பிள்ளை போட்ட கார்டு நேற்று வந்தது. மலை ஏறும்போது தம்மு வாந்தி எடுத்தாள் என்று எழுதியிருக்கிறார். மூன்று மாதக் குழந்தையை பஸ்ஸில் அத்தனை வளைவுகளில் தூக்கிக்கொண்டு போனால் எடுக்காமல் என்ன செய்யும்? இன்னும் ஒரு மாதம் இருந்துவிட்டுப் போ என்று தலையால் அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே. தேரும் முடிந்துவிட்டது, நீங்களும் போய்விட்டீர்கள். தெருவும் வீடும் ஒரே மாதிரி வெறிச்சென்று கிடக்கின்றன.

விஷயத்துக்கு வருகிறேன். என் பிள்ளை வெங்கிடேஸ்வரனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. தை மாதக் கடைசியில் முகூர்த்தம். அதற்கு முன்னால் சுமங்கலிப் பிரார்த்தனை செய்தாகவேண்டும். இந்த வீட்டில் மஞ்சள் குங்குமத்தோடு போனவர்கள் இரண்டு பேர். ஒருத்தி என் மாமியார். இன்னொருத்தி என் பெண் சுப்புலட்சுமி. மாமியாருக்காக இலையில் உட்கார என் நாத்தனார் இருக்கிறாள். சுப்புவுக்காக நீதான் உட்காரவேண்டும். வேறு யாரை உட்காரவைத்தாலும் என் மனசு ஒப்பாது. மாப்பிள்ளை உன்னை இரண்டாந்தாரமாகக் கல்யாணம் செய்துகொண்டு என் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினபோதே சொன்னேன்: உனக்கு அம்மா இல்லை, எனக்குப் பெண் இல்லை, இனிமேல் அந்தக் குறை இருவருக்கும் வேண்டாம் என்று. சொன்னபடி உன் பிரசவத்தையும் நானே பார்த்தேன்.

பார்சலில் அவளுடைய கூறைப்புடவையும் அரக்கு வெல்வெட் ரவிக்கையும் வருகின்றன. அன்று நீ அவற்றைத்தான் உடுத்தவேண்டும். புடவையைப் பற்றிக் கவலையில்லை. ரவிக்கைதான் இப்போது உனக்கு இறுக்கிப் பிடிக்கும். அதற்காக ஒரு தையலைக்கூடப் பிரித்துவிடாதே. சுமங்கலியாகப் போனவளின் துணியில் கத்தரி படக்கூடாது. எங்கள் வீட்டில் அது கண்டிப்பு. துணியை விட்டுவிடு, உடம்பைக் குறை. இரண்டு மாதம் இருக்கிறது. ராத்திரி சாதத்தை நிறுத்து. நெய்யைத் தொடாதே. வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டு. மத்தியானம் படுக்காதே. மிச்சத்தைத் தம்முவே பார்த்துக்கொள்வாள்; பால் குடிக்கிற குழந்தை தாயின் உடம்பில் பாதியை வாங்கிவிடும். சுப்புவுக்கு இடுப்பு எப்படி இருந்தது என்று அங்கே மாட்டியிருக்கிற போட்டோவைப் பார்.

அகிலாண்டம்


தேவிகுளம்
6 டிசம்பர் 1953

அம்மாவுக்கு நமஸ்காரம்.

பார்சல் பத்திரமாக வந்தது. எனக்கு ஒரு நியாயம் சொல்லுங்கள். பிள்ளை பெற்ற உடம்பில் நெய் ஊறவேண்டும் என்று லேகியத்தை உருட்டி உருட்டி என் வாயில் திணித்தது யார்? வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினால் மோவாயைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்தது யார்? இப்போது இடுப்பு எங்கே என்று என்னைக் கேட்டால் நான் எங்கே போய்த் தேடுவேன்?

ரவிக்கையைப் போட்டுப் பார்த்தேன். கை ஏறவே பெரும்பாடு. முன்பக்கத்துக் கொக்கிகள் எட்டாத தூரத்தில் நிற்கின்றன. பால் கட்டியிருந்த சமயம் வேறு. மூச்சு முட்டிக் கழற்றிவிட்டேன். பக்கத் தையலில் கொஞ்சம் துணி உள்ளே மடித்து விட்டிருக்கிறது. அதைப் பிரித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். கத்தரியே வேண்டாம், ஊசியால் நெம்பினால் போதும். உத்தரவு கொடுங்கள்.

அவர் ஆபீசிலிருந்து வந்தபோது புடவையும் ரவிக்கையும் கட்டிலில் விரித்துக் கிடந்தன. "இது எப்படி இங்க வந்தது?" என்று கேட்டார். "அம்மா அனுப்பிச்சிருக்கா. பிரார்த்தனைக்கு நான் உடுத்திக்கணுமாம்" என்றேன். குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். மழையே இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் சுப்பு அக்கா போனது இதே வீட்டில், இதே அறையில் என்பதை நான் மறந்துபோய்விட்டேன். கட்டிலில் அப்படி விரித்திருக்கக்கூடாது.

ஆனாலும் நீங்கள் சொன்னால் செய்வேன். என் அம்மாவின் முகம் எனக்கு நினைவே இல்லை. பிரசவ வலியில் நான் கத்தினபோது, "அம்மா இருக்கேன்டி, கத்திக்கோ" என்று என் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். அந்த ஒரு வார்த்தைக்கு நான் எவ்வளவு வேண்டுமானாலும் பட்டினி கிடப்பேன். இன்றைக்கு ராத்திரியிலிருந்து சாதத்தை நிறுத்திவிட்டேன்.

தம்மு நன்றாகக் குடிக்கிறாள். கன்னம் உப்பிவிட்டது.

திரிபுரசுந்தரி


கல்பாத்தி
16 டிசம்பர் 1953

குழந்தே,

ஊசியாலும் நெம்பக்கூடாது. அந்த ரவிக்கையைத் தைத்தது தையற்காரன் இல்லை, சுப்பு. கல்யாணத்துக்கு முன்னால் மாடி ஜன்னலோரம் உட்கார்ந்து, தப்பாகப் போட்டுப் போட்டுப் பிரித்து, தானே தைத்தாள். அவள் விரல் பட்ட தையல் இந்த உலகத்தில் இனி அது ஒன்றுதான். அதைப் பிரித்துவிட்டு யார் கையால் மறுபடி போடுவாய்?

உனக்கு இதெல்லாம் சொல்லித்தர ஆள் இல்லாமல் போய்விட்டது, நான் சொல்கிறேன். பிரார்த்தனைக்கு உட்காருகிற பெண்டுகள் சாப்பிடுவது அவர்களுடைய சாப்பாடு இல்லை. போனவர்கள் வந்து, உட்கார்ந்தவர்களின் வாயால் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அதனால்தான் போதும் போதும் என்றாலும் விடாமல் பரிமாறுகிறோம். இந்தத் தை மாதம் சுப்பு உன் வாயால் சாப்பிடுவாள். நாலு வருஷமாக என் குழந்தை சாப்பிடவில்லை. அவளுக்குப் பிடித்ததையெல்லாம் என் கையால் செய்து, இலைக்கு எதிரே உட்கார்ந்து, அவள் சாப்பிடுவதை நான் பார்க்கவேண்டும். வேறு துணியில் நீ உட்கார்ந்தால் அவளுக்கு அடையாளம் தெரியுமா? யாரோ என்று வாசலோடு போய்விடுவாள்.

இதற்கு மேல் என்னை எழுதவைக்காதே.

ராத்திரி சாதத்தை நிறுத்தினது நல்லது. காலைப் பலகாரத்தையும் நிறுத்து.

அகிலாண்டம்


தேவிகுளம்
4 ஜனவரி 1954

அம்மாவுக்கு,

நீங்கள் கேட்டால் சந்தோஷப்படுவீர்கள். ரவிக்கை ஏறிவிட்டது. கடைசிக் கொக்கி ஒன்றுதான் பாக்கி.

முதலில் பசி உயிரை வாங்கிற்று. அப்புறம் அது எங்கேயோ போய்விட்டது. காலையில் காபி, மத்தியானம் ஒரு கரண்டி சாதம், மோர். அவ்வளவுதான். கை வளை முழங்கை வரை ஏறுகிறது. எலெக்‌ஷன் வேலை என்று அவர் பாதி நாள் கேம்ப்பில் இருக்கிறார். அதனால் நான் என்ன சாப்பிடுகிறேன் என்று பார்க்க ஆளில்லை.

நடந்ததை எழுதுகிறேன். எஸ்டேட் கூலிகளின் லயத்திலிருந்து நமக்கு விறகு கொண்டுவருகிற மாரித்தாயை உங்களுக்குத் தெரியும். அக்கா காலத்திலிருந்தே வருகிறாள். இப்போது அவளுக்கும் ஒரு கைக்குழந்தை. முந்தாநாள் நான் ரவிக்கையைப் போட்டுப் பார்த்துக்கொண்டு கொல்லைப்புறமாகத் திரும்பி நின்றிருந்தேன். பின்னால் கட்டு விழுகிற சத்தம். திரும்பினால் மாரித்தாய் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு நிற்கிறாள். "ஆத்தாடி! செத்துப்போன அந்த அம்மாவோன்னு நெனைச்சு எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. ஏம்மா இப்பிடி எலும்பாப் போயிட்டீக?" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமைதான், வேறு என்ன சொல்வது.

மறுநாள் சாயங்காலம் அவர் உள்ளே வரும்போதே, "சுப்பு, காபி இருக்கா?" என்று கேட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டார். நான் "இருக்கு" என்றேன். கலந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை.

இன்னொன்றையும் எழுதலாமா கூடாதா என்று இரண்டு நாளாக யோசித்தேன். மத்தியானம் நான் சாதம் போட்டுக்கொள்ளும்போது அடுப்பங்கரை வாசலில் யாரோ உட்கார்ந்து என் தட்டையே பார்க்கிறார்கள். நிமிர்ந்து பார்த்தால் ஒருவரும் இல்லை. குனிந்தால் மறுபடி இருக்கிறார்கள். தட்டைத் தள்ளிவைத்துவிட்டால் போய்விடுகிறார்கள். அதனால் தள்ளிவைத்துவிடுகிறேன்.

கவலை ஒன்றுதான். பால் குறைந்துவிட்டது, அம்மா. தம்மு வாய் வைத்த கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டு அழுகிறாள். அழுதுகொண்டே என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்க்கிறாள். பசும்பாலில் தண்ணீர் கலந்து கொடுத்தேன். அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை; பேதியாகிறது. உப்பிய கன்னம் வற்றிப்போய்விட்டது. நான் கொஞ்சம் சாப்பிட்டால் பால் வரும் என்று தோன்றுகிறது. சாப்பிட்டால் கொக்கி எட்டாது. என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.

சுந்தரி


கல்பாத்தி
11 ஜனவரி 1954

என் கண்ணே,

உன் கடிதத்தை மாமாவுக்கு எத்தனை தடவை படித்துக்காட்டினேன் என்று கணக்கில்லை. மாரித்தாய் விறகைக் கீழே போட்ட இடம் வந்ததும், பெற்ற அப்பா இல்லையா, அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். புருஷர்கள் அப்படித்தான். நான் அழுதேன், சிரித்தேன், வாசலில் போகிறவளையெல்லாம் கூப்பிட்டுச் சொன்னேன்.

நீ பாதிதான் எழுதியிருக்கிறாய். பின்னாலிருந்து பார்த்தால் மட்டும்தானா, நடையும் அப்படியேவா? மாரித்தாய் வேறு என்ன சொன்னாள்? அவளையே கேட்டு எழுது. சுப்பு இடது காலைச் சற்று அழுத்தி வைப்பாள், அது வருகிறதா?

அடுப்பங்கரை வாசலில் உட்காருவது யார் என்று உனக்குத் தெரியாதா? பயப்படாதே. அவள்தான். துரத்திவிடாதே. இன்னும் கொஞ்ச நாள்தான், கல்பாத்திக்கு வா, அம்மா இலை போட்டுவைத்திருக்கிறாள் என்று சொல்.

பாலுக்குப் பூண்டை வேகவைத்துச் சாப்பிடு. குழந்தை அழுவது உங்கள் ஊர்க் குளிருக்கு. கம்பளியில் சுற்றிப் போடு. ஒரு கொக்கிக்காக இத்தனை நாள் பட்டதை வீணாக்குவாயா? பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள். தை பிறந்ததும் உன்னை அழைத்துவர வெங்கிடேஸ்வரனை அனுப்புகிறேன்.

அகிலாண்டம்


தேவிகுளம்
19 ஜனவரி 1954

அம்மாவுக்கு,

வெங்கிடேஸ்வரனை அனுப்பவேண்டாம். நான் வரவில்லை.

பொங்கலன்று காலையில் கடைசிக் கொக்கி மாட்டிற்று. கண்ணாடியில் பார்த்தேன். நான் அங்கே இல்லை. போட்டோவில் இருக்கிறவள்தான் இருந்தாள். அந்த ரவிக்கையோடேயே பொங்கல் வைத்தேன். அவர் ஆபீஸ் வேலையாகப் பள்ளிவாசல் எஸ்டேட் வரை போயிருந்தார். வெண்கலப் பானையை இறக்கிவிட்டு நிமிர்ந்தது தெரியும். அதற்கப்புறம் ஒன்றும் தெரியாது.

விழித்தபோது தரையில் கிடக்கிறேன். தம்மு பக்கத்தில் கிடக்கிறாள். அழவில்லை. அம்மா, அவள் அழவில்லை. வாயைத் திறக்கிறாள், சத்தம் வரவில்லை. நான் எழுந்து அவளை எடுத்து, அந்தப் பாழும் கொக்கிகளைக் கழற்ற முடியாமல் கழற்றி, மாரில் வைத்தேன். ஒரு சொட்டு இல்லை. அவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். உறிஞ்சக்கூட அவளுக்குப் பலம் இல்லை.

நான் போட்ட கூச்சலில் கொல்லையில் விறகு அடுக்கிக்கொண்டிருந்த மாரித்தாய் உள்ளே ஓடிவந்தாள். "புள்ளைக்கு நாக்கு வறண்டு கெடக்கே! கொண்டாங்க இங்கிட்டு" என்று கையை நீட்டினாள். ஒரு நொடி நின்றேன். ஏன் நின்றேன் என்று உங்களுக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்தது. "சாமி குத்தம்னா என் தலையில விடியட்டும், குடுங்கம்மா" என்று பிடுங்கிக்கொண்டாள். நான் எழுதினேனே, யாரோ உட்காருகிறார்கள் என்று, அதே அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்துகொண்டாள். தன் பாலை விரலில் பீய்ச்சித் தம்முவின் உதட்டில் தடவினாள். தடவிக்கொண்டே இருந்தாள். அப்புறம் தம்மு பிடித்துக்கொண்டாள்.

மடக்கு மடக்கென்று அவள் விழுங்குகிற சத்தம் கேட்டது. அதைக் கேட்டதும் எனக்குப் பசித்தது. எத்தனையோ நாளைக்கப்புறம் எனக்கே, என் வயிற்றுக்கே பசித்தது. பானைக்கு முன்னால் உட்கார்ந்து பொங்கலைக் கையால் அள்ளி அள்ளித் தின்றேன். சுவாமிக்குக் காட்டக்கூட இல்லை. மாரித்தாய் தம்முவைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே, "மெதுவாத் தின்னுங்கம்மா, பொரையேறிரும்" என்றாள். வாசலில் வேறு யாரும் இல்லை.

அவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். பால் கொடுத்ததற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. இத்தனை நாள் சொல்லாத ஒன்றைச் சொன்னார். "டைபாய்டுல கெடந்தப்போ அவ தயிர்சாதம் கேட்டா. ஒரு பிடி போறும்னா. அன்னம் உள்ள போனா ஆபத்துன்னு டாக்டர் சொல்லியிருந்தார். உங்கம்மா பார்லித் தண்ணியோட நிறுத்திட்டா. கடைசி நாள் வரைக்கும் அவ கேட்டுண்டே இருந்தா."

நீங்கள் செய்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. டாக்டர் சொன்னதை எந்தத் தாயும் செய்திருப்பாள். ஆனால் அவளுக்கு அன்று போடாத சோற்றைப் போடுவதற்காக என்னைப் பட்டினி போட்டீர்கள். நானும் போட்டுக்கொண்டேன். அக்காவின் பசியைக் கொண்டுவந்து என் குழந்தையின் வயிற்றில் வைக்காதீர்கள், அம்மா. அது தாங்காது.

ரவிக்கையையும் புடவையையும் பார்சலில் திருப்பி அனுப்புகிறேன். ஒரு தையலும் பிரியவில்லை. நீ என் பெண் இல்லை என்று நீங்கள் சொன்னாலும் பரவாயில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். பரவாயில்லை என்பது பொய். எனக்குத் தாங்காது. இருந்தாலும் வரமாட்டேன்.

மாரித்தாய் தினமும் காலையும் சாயங்காலமும் வந்து கொடுத்துவிட்டுப் போகிறாள். எனக்கும் கொஞ்சம் ஊறத் தொடங்கியிருக்கிறது.

திரிபுரசுந்தரி


கல்பாத்தி
25 ஜனவரி 1954

பார்சல் வந்தது.

என் பெண் எப்படிச் செத்தாள் என்று எனக்கு எழுத நீ யார்? அவள் கேட்டதும், நான் கொடுக்காததும் எனக்கும் அவளுக்கும் இடையில் உள்ளது. மாப்பிள்ளை அதைச் சொல்லியிருக்கக்கூடாது. நீ கேட்டிருக்கவும் கூடாது.

லயத்துக்காரியின் பாலைக் கொடுத்ததைத் தெருவில் யாருக்கும் நான் சொல்லவில்லை. சொன்னால் உன்னைப் பந்தியில் சேர்க்கமாட்டார்கள். இனி நீயே வரப்போவதில்லை. அதனால் அந்தக் கவலையும் இல்லை.

இதற்குப் பதில் எழுதவேண்டாம்.

அகிலாண்டம்


கல்பாத்தி
4 பிப்ரவரி 1954

சுந்தரிக்கு,

நேற்றுப் பிரார்த்தனை நடந்தது. சுப்புவுக்கு யாரை உட்காரவைக்கிறாய் என்று நாத்தனார் கேட்டாள். தன் பெண்ணையே உட்காரவைப்பதாகவும் சொன்னாள். ஒல்லியான பெண்தான். வேண்டாம் என்றுவிட்டேன். ஆள் இல்லாமலே இலை போட்டேன். வடை, போளி, எரிசேரி எல்லாம் வைத்தேன். கடைசியில் தயிர்சாதம் பிசைந்து, ஒரு பிடி இல்லை, இலை கொள்ளுமட்டும் வைத்தேன்.

எல்லோரும் சாப்பிட்டுத் தாம்பூலம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் அந்த இலைக்கு எதிரே உட்கார்ந்தேன். சாப்பிடுடி என்று வாய்விட்டுச் சொன்னேன். எத்தனை தடவை சொன்னேனோ. இலையில் வைத்தது வைத்தபடி இருந்தது. மத்தியானம் போய்விட்டது, தயிர் புளித்துவிட்டது. மாமா வந்து, "எழுந்திருடி, அவ வரமாட்டா" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் வாயால் அப்படிச் சொல்லிக் கேட்டது அப்போதுதான்.

சுப்புவின் முகத்தை நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். வரவில்லை. நீ தரையில் கிடந்ததும், பக்கத்தில் தம்மு சத்தமில்லாமல் வாயைத் திறந்ததும்தான் வந்தது. நான் பார்க்காததைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பால் குறைந்துவிட்டது, என்ன செய்யட்டும் என்று நீ கேட்டாய். நான் அவள் நடையைப் பற்றிக் கேட்டு எழுதினேன். அந்தக் காகிதத்தை எங்கேயாவது வைத்திருந்தால் அடுப்பில் போடு.

என் பெண் பசியோடு போய்விட்டாள், சுந்தரி. அதை இனி யார் வாயாலும் தீர்க்கமுடியாது. தீராது என்று தெரிந்துகொண்டு இருக்கவேண்டும். இருந்துவிடுவேன். நீ வரவேண்டாம். கல்யாணம் முடிந்ததும் நான் வருகிறேன். உள்ளே விடுவதும் விடாததும் உன் இஷ்டம்.

மாமா அங்கே வருகிற யாரிடமோ இரண்டு ஜாடி லேகியம் கொடுத்தனுப்புகிறார். புது நெய்யில் கிளறினது. ஒன்று உனக்கு. இன்னொன்று அந்த மாரித்தாய்க்கு. அவளை யாராவது கேட்டார்களா, நீ என்ன சாப்பிட்டாய் என்று? சொந்தக் குழந்தை ஒன்று, நம் குழந்தை ஒன்று, போதாததற்கு விறகுக்கட்டு. நாளையிலிருந்து அவளுக்கும் உன் வீட்டிலேயே சாதம் போடு. கொல்லையில் வைக்காதே, உள்ளே கூப்பிட்டு இலை போட்டுப் போடு. கேட்டதைக் கொடு. கேட்காவிட்டாலும் கொடு. அவள் பசியோடு எழுந்து போகக்கூடாது.

அகிலாண்டம்